சோறு வைக்கத் தெரியாமல் பட்டம் வாங்கிப் போகிற பிள்ளைகளுக்காக

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத் துணைவேந்தர் அவர்களுக்கும், நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் அதன் கீழ் இயங்கும் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும், விடுதிக் காப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் பாளையங்கோட்டையில் பத்தொன்பது வருடமாக மெஸ் நடத்துகிறேன். மதியம் எழுபது பேர், ராத்திரி ஐம்பது பேர் சாப்பிடுகிறார்கள். அதில் முக்கால்வாசிப் பேர் உங்கள் கல்லூரிப் பிள்ளைகள். எந்தப் பிள்ளைக்கு வீட்டிலிருந்து பணம் வரவில்லை, எது ராத்திரி சாப்பிடாமல் படுக்கிறது, எது பரீட்சை நேரத்தில் டீயும் பிஸ்கட்டுமாக நாளை ஓட்டுகிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததை வைத்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் சேருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணானாலும் பெண்ணானாலும், எந்தப் பாடம் படித்தாலும், பட்டம் வாங்கிப் போவதற்குள் முப்பது மணி நேரம் அடுப்படியில் நின்று சமைக்கக் கற்றுக் கொடுங்கள். யாராவது மேடையில் சமைத்துக் காட்ட, இவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது போதாது. அவர்கள் கையாலேயே உலை வைக்க வேண்டும், வடிக்க வேண்டும், தாளிக்க வேண்டும், பாத்திரம் கழுவிக் கவிழ்க்க வேண்டும். அதற்கு மதிப்பெண்ணும் உண்டு என்று வையுங்கள்.

இந்த எண்ணம் எனக்கு வந்தது 2020-இல். மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்ததும் மெஸ்ஸை மூடிவிட்டேன். வேலைக்கு வரும் இரண்டு பெண்களும் மானூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள், பஸ் இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் அதற்கு முன்பே ஊருக்குப் போய்விட்டார்கள். பெருமாள்புரத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த நான்கு பையன்கள் மட்டும் மாட்டிக்கொண்டார்கள். கையில் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு பாத்திரம், ரேஷன் அரிசி ஒரு பை. மூன்றாம் நாள் மத்தியானம் அதில் ஒருத்தன் போன் செய்தான்.

"அக்கா, தண்ணி கொதிச்சிட்டு. இனி என்ன செய்ய?"

"அரிசியக் களைஞ்சு போடு."

"களையணும்னா என்னக்கா?"

அவன் வேதியியல் கடைசி வருடம். பியூரெட்டில் தண்ணீரின் கீழ்வளைவைக் கண்ணுக்கு நேராக வைத்துச் சொட்டுச் சொட்டாக அளவெடுக்கத் தெரிந்த பிள்ளை. அரிசியைத் தண்ணீரில் அலசி, தூசும் உமியும் போக, கல் கிடந்தால் பொறுக்கி எடுப்பதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியவில்லை. அவனை நான் குறை சொல்லவில்லை. வீட்டில் அம்மா இருந்தாள், பள்ளியில் சத்துணவு இருந்தது, கல்லூரிக்கு வந்தால் என் மெஸ் இருந்தது. யாரும் அவனை அடுப்புப் பக்கம் கூப்பிடவே இல்லை.

அன்றைக்கு முக்கால் மணி நேரம் போனிலேயே சோறு வடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். "ஒரு பருக்கையை எடுத்து ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு நசுக்கு. நடுவுல வெள்ளையாப் பொட்டு தெரியுதா? தெரிஞ்சா இன்னும் வேகல." மறுநாள் ரசம். அதற்கு மறுநாள் துவரம்பருப்பு. ஊரடங்கு தளர்ந்து அவர்கள் ஊருக்குப் போவதற்குள் புளிக்குழம்பு வரைக்கும் வந்துவிட்டார்கள். அந்தப் பையன் இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறான். அறையில் ஐந்து பேருக்கு அவன்தான் சமைக்கிறான். பொங்கலுக்கு வந்தால் என்னைப் பார்க்காமல் போவதில்லை.

அவன் போன் வைத்த பிறகு நான் யோசித்தது இதுதான். முன்பெல்லாம் ஒரு பிள்ளை சமையல் பழகுவது எந்த வயதில்? பதினாறு, பதினேழில். அம்மாவுக்கு முடியாத நாளில் உலை வைப்பது, திருவிழாவுக்கு வெங்காயம் உரிப்பது, ஆச்சி அம்மியில் அரைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கொத்தமல்லி வறுபடும் வாசனையை அறிவது என்று அப்படியே வந்துவிடும். சரியாக அந்த வயதில்தான் பிள்ளைகளை நாம் பன்னிரண்டாம் வகுப்புக்கும் டியூஷனுக்கும் அனுப்புகிறோம். அது முடிந்ததும் விடுதி. விடுதி அறையில் அடுப்பு கூடாது, மின்கெட்டில் கூடாது. தீப்பிடிக்கும், மின்கசிவு வரும். அந்த விதி நியாயமானதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் மூன்று வருடம், சில பேருக்கு ஐந்து வருடம், அடுப்பே இல்லாத இடத்தில் நீங்கள் அவர்களை வைத்திருக்கிறீர்கள். அப்படியென்றால் அடுப்பு உள்ள ஒரு இடத்தையும் நீங்களே காட்ட வேண்டியதாகிறது.

அவர்கள் இங்கிருந்து போகிற இடத்தையும் நினைத்துப் பாருங்கள். சென்னை, கோவை, ஓசூர், பெங்களூரு, வளைகுடா. முதல் மாதச் சம்பளத்தில் அறை வாடகை போக மிச்சம் எவ்வளவு நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். மூன்று வேளையும் வெளியில் சாப்பிட்டால் ஊருக்குப் பணம் அனுப்ப முடியாது. காலையில் சாப்பிடாமல் போவது, மதியம் எதையோ தின்பது, ராத்திரி பரோட்டா சால்னா. இருபத்து மூன்று வயதில் வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு வந்து நிற்கிற பழைய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பெண் பிள்ளைகளின் பாடு இன்னும் மோசம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. முருங்கைக்கீரையும் எள்ளும் கொட்டிக் கிடக்கிற சீமை இது. கீரையை உருவிச் சமைக்கத் தெரிந்த கை இருக்கிறதா என்று பார்த்தால் இல்லை.

2022-இலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மெஸ்ஸில் வகுப்பு எடுக்கிறேன். ஞாயிறு மதியம் மெஸ் கிடையாது, அடுப்பு சும்மாதான் கிடக்கும். ஒரு தடவைக்கு ஆறு பேர். காசு வாங்குவதில்லை, சாமான் செலவை ஆறு பேரும் பங்கிட்டுக் கொள்கிறார்கள், சமைத்ததை அவர்களே சாப்பிடுகிறார்கள். இதுவரை எழுபது பேருக்கு மேல் கற்றுக்கொண்டு போயிருக்கிறார்கள். அதில் நான் தெரிந்துகொண்டதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உங்கள் கல்லூரியில் வகுப்பு தொடங்கும்போது அது உதவும்.

முதல் ஞாயிறு வெறும் சோறு மட்டும்தான். பிள்ளைகளுக்கு ஏமாற்றமாக இருக்கும். பிரியாணி சொல்லித் தருவேன் என்று நினைத்து வந்திருப்பார்கள். ஒரே அரிசியை மூன்று விதமாக வைக்கச் சொல்லுவேன். பானையில் வடித்து ஒன்று, குக்கரில் ஒன்று, இண்டக்‌ஷனில் பொங்கி ஒன்று. அப்புறம் அம்பை 16 அரிசியையும் பொன்னியையும் பக்கத்தில் பக்கத்தில் வேகவைப்போம். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த குண்டு அரிசி அது. இந்தப் பக்கத்து வயலில் விளைவது, இட்லிக்கு நல்லது. அது கேட்கிற தண்ணீர் வேறு, பொன்னி கேட்கிற தண்ணீர் வேறு. இந்த ஒரு வகுப்பு முடிந்தால் எந்த ஊருக்குப் போய் எந்த அரிசி வாங்கினாலும் பிள்ளை தடுமாறாது. புத்தகத்தில் ஒரு கப்புக்கு இரண்டு கப் என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி இருக்காது.

மிச்சச் சோற்றை என்ன செய்வது என்பதும் அன்றைக்கே வரும். மதியம் வைத்த சோற்றை ராத்திரி வரை அப்படியே வெளியில் வைத்துவிட்டு, முட்டை ஊற்றி வதக்கிச் சாப்பிடுவது அறையில் தங்கும் பையன்களின் வழக்கம். அது கூடாது என்று எனக்கு அனுபவத்தில் தெரியும். ஏன் என்று ஒரு நாள் நுண்ணுயிரியல் படிக்கும் பெண்தான் எல்லோருக்கும் விளக்கினாள். பாசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி, அதன் வித்து வேகும்போதும் சாகாது, சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் பெருகி நஞ்சு விடும், அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது என்று சொன்னாள். வகுப்பறையில் படித்தது சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் நின்று அவள் வாயிலிருந்து வந்தபோது மற்ற ஐந்து பேரும் கேட்ட கவனத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாவது வாரம் கத்தியும் அரிவாள்மணையும். மூன்றாவது வாரம் உளுந்தம்பருப்புச் சோறு. நம் ஊர்ப் பிள்ளைக்கு முதலில் கற்றுக் கொடுக்க வேண்டிய சாப்பாடு இதுதான் என்பது என் தீர்மானமான கருத்து. ஒரே பாத்திரம், ஒரே அடுப்பு. இரண்டு உழக்கு அரிசி, ஒரு உழக்கு தொலி உளுந்தம்பருப்பு, இருபது பல் பூண்டு, அரை ஸ்பூன் வெந்தயம், ஒரு மூடித் தேங்காய், உப்பு. பருப்பை வாசனை வரும்வரை வறுத்துவிட்டு எல்லாவற்றையும் சேர்த்து வேகவைத்தால் முடிந்தது. கூட எள்ளுத் துவையல். போன மாதம் ஐந்து பேர் வயிறாரச் சாப்பிட நூற்று ஐம்பது ரூபாய்க்குள் அடங்கியது. சமைத்துச் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவ ஒன்றேகால் மணி நேரம். அந்த நேரத்தையும் காசையும் பிள்ளைகளே நோட்டில் எழுதி வைப்பார்கள். எழுதினால்தான் அடுத்த முறை ஆன்லைனில் வாங்கக் கை போகும்போது யோசனை வரும்.

இந்தச் சோற்றில்தான் ஒரு விபத்தும் நடந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஒரு பையன் குக்கரில் கழுத்து வரை நிரப்பிவிட்டான். உளுந்து நுரை கட்டிப் பொங்கும், தொலி போய் விசில் துளையை அடைத்துக்கொள்ளும். விசில் வரவில்லையே என்று அடுப்பை அணைத்துவிட்டு, ஆவி இல்லை என்று நினைத்து மூடியைத் திருகினான். கொதிக்கிற கஞ்சி முழங்கை வரை தெறித்தது. பக்கத்தில் இருந்தவன் பேஸ்ட் எடுத்துவர ஓடினான், நான் தடுத்து, குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். காயம் ஆறிவிட்டது. ஆனால் தவறு என்னுடையது. பருப்பு வகை போட்டால் குக்கரில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்று முதலில் சொல்லியிருக்க வேண்டும். எனக்குக் கைப்பழக்கமாக இருந்ததால் சொல்லித்தர வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை.

அதற்குப் பிறகு ஒரு முழு ஞாயிறு குக்கருக்கும் கேஸுக்கும் ஒதுக்கிவிட்டேன். விசில் துளையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பது, ரப்பர் வளையம் தடித்துப்போனால் மாற்றுவது, ரெகுலேட்டர் மாட்டுவது, குழாயில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்ப்பது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும், அதனால் நாற்றம் வந்தால் சுவிட்சைத் தொடாமல் கதவையும் ஜன்னலையும் திறக்க வேண்டும், 1906-க்குப் போன் செய்ய வேண்டும். இதையெல்லாம் தெரியாமல் நம் பிள்ளைகள் வெளியூரில் ஐந்து கிலோ சிலிண்டர் வாங்கி ஒரு ஜன்னல் அறையில் வைத்துக்கொண்டு படுக்கிறார்கள். நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. தீயணைப்புத் துறையினர் கல்லூரிகளுக்கு வந்து செயல்விளக்கம் தருகிறார்கள். அதையே இந்த வகுப்போடு சேர்த்தால் பிள்ளைகள் மனதில் நிற்கும்.

ஒரு ஞாயிறு காலையில் மகாராஜநகர் உழவர் சந்தைக்குக் கூட்டிப் போவேன். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பது, முருங்கைக்காயை முறுக்கிப் பார்ப்பது, தேங்காயைக் காதோடு வைத்து ஆட்டிப் பார்ப்பது, கத்தரிக்காயில் ஓட்டை இருக்கிறதா என்று காம்புப் பக்கம் பார்ப்பது. கையில் இருநூறு ரூபாய் கொடுத்து, ஆறு பேருக்குக் கூட்டாஞ்சோற்றுக்கு வேண்டிய காய் வாங்கிவரச் சொல்லுவேன். ஒரு பெண் பேரம் பேசக் கூச்சப்பட்டு முதல் கடையிலேயே எல்லாம் வாங்கிவிட்டாள். நான்காவது வாரம் அவளே ஒரு பாட்டியிடம் உட்கார்ந்து சிறுகிழங்கை எப்படித் தோல் போக்குவது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சாக்கில் போட்டுத் தேய்த்தால் மண்ணும் தோலும் போய்விடும் என்று அந்தப் பாட்டி சொன்னதை வந்து எங்களுக்குச் சொன்னாள்.

கடைசியாகத்தான் சொதி, அதாவது தேங்காய்ப்பால் குழம்பு. மூன்றாம் பாலில் காய் வேக வேண்டும், முதல் பால் ஊற்றியபின் கொதிக்க விட்டால் திரிந்து போகும், நுரை கூடி வரும்போதே இறக்க வேண்டும், எலுமிச்சை இறக்கிய பிறகுதான். அடுப்பைக் கட்டுப்படுத்தத் தெரியாத கைக்குச் சொதி வராது. கல்யாணத்து மறுவீட்டுச் சாப்பாடாக மட்டும் அதைப் பார்த்திருந்த பிள்ளைகள், தங்கள் கையால் வைத்து, இஞ்சித் துவையலோடு இலையில் ஊற்றிச் சாப்பிடும்போது அந்த முகங்களைப் பார்ப்பதற்காகவே இன்னும் பத்து வருடம் வகுப்பு எடுக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

இதையெல்லாம் யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாதா என்று என்னிடமே பல பேர் கேட்டிருக்கிறார்கள். அதில் நல்ல சமையல்காரர்கள் இருக்கிறார்கள், நானும் பார்க்கிறேன். ஆனால் கடுகு வெடித்து அடங்கும் சத்தம், வெந்தயம் சிவந்து கறுப்பதற்கு இடையில் உள்ள இரண்டு விநாடி, பச்சைப் புளி வாசனை போய்விட்டதா என்பது எல்லாம் பக்கத்தில் ஒருத்தர் நின்று "இப்ப, இப்பத்தான் இறக்கணும்" என்று சொன்னால்தான் பிடிபடும். நீங்களே அறிவியல் மாணவர்களை வீடியோவோடு விடாமல் ஆய்வகத்துக்கு அனுப்புகிறீர்கள்.

ஆண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மனையியல் என்று ஒரு பாடம் நம்மிடம் உண்டு. பெரும்பாலும் மகளிர் கல்லூரிகளில்தான் இருக்கிறது. அதனால் சமையல் பெண் பிள்ளைகள் படிப்பது என்று ஆகிவிட்டது. ஆனால் என்னிடம் வருகிற பெண் பிள்ளைகளுக்கும் ஆண் பிள்ளைகளைப் போலவே ஒன்றும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்ற வெட்கம் மட்டும் கூடுதலாக இருக்கிறது, அதனால் கேள்வி கேட்கவே பயப்படுகிறார்கள். இரண்டு பேரையும் ஒன்றாக நிறுத்திச் சொல்லிக் கொடுத்தால் அந்த வெட்கம் இரண்டாவது வாரமே போய்விடுகிறது. ஒரு பையனின் தகப்பனார் கோபமாக மெஸ்ஸுக்கே வந்தார். "கரண்டி புடிக்கவா எம்பிள்ளையக் காலேஜுக்கு அனுப்பியிருக்கு?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை, அவன் வைத்திருந்த மிளகு ரசத்தை ஒரு தம்ளரில் கொடுத்தேன். குடித்துவிட்டு, ஆறு மாதத்துக்கு முன் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பதினைந்து நாள் ஓட்டலில் வாங்கிச் சாப்பிட்டதைச் சொன்னார். அதற்குப் பிறகு அவனை அவர் தடுக்கவில்லை. ஜப்பானில் 1994-இலிருந்து மேல்நிலைப் பள்ளியில் ஆண் பிள்ளைகளுக்கும் மனையியல் கட்டாயம். அங்கே பிள்ளைகள் பள்ளியிலேயே சமைக்கிறார்கள்.

இன்னொன்று, இந்தச் சீமைக்கென்றே உள்ளது. நூறு வருடத்துக்கு முன் நம் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டார்கள். அது 1925 வாக்கில் தமிழ்நாட்டையே உலுக்கிய பிரச்சினையாயிற்று. அதற்கு முப்பது வருடம் கழித்து, 1956-இல், காமராசர் மதிய உணவுத் திட்டத்தை எட்டயபுரத்தில் தொடங்கி வைத்தார். அப்போது எட்டயபுரமும் திருநெல்வேலி மாவட்டம்தான், தூத்துக்குடி தனி மாவட்டம் ஆனது 1986-இல். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது, யார் கை பட்ட சோறு என்ற கேள்வி இந்த மண்ணில் இன்னும் முழுதாக ஓயவில்லை என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

என் அடுப்படியில் ஒரு விதி உண்டு. உள்ளே வருமுன் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மோதிரம், கடிகாரம், கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் கழற்றி வாசலில் உள்ள டப்பாவில் போட வேண்டும். சுத்தத்துக்காகத்தான் வைத்த விதி, கயிற்றில் மாவும் ஈரமும் ஒட்டி அழுக்குச் சேரும். கயிற்றின் நிறத்தில் சாதி தெரிகிற ஊர் இது, முதல் நாள் ஒன்றிரண்டு பேர் தயங்குவார்கள். சாமிக் கயிறு என்றால் அதற்குத் தனி டப்பா வைத்திருக்கிறேன், மரியாதையாக வைத்துத் தருவேன். வெறுங்கையோடு ஆறு பேர் நின்று ஒரே பாத்திரத்தில் கிளறி, ஒருத்தர் வைத்ததை ஒருத்தர் ருசி பார்த்து உப்புச் சொல்லி, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுப் போகிறார்கள். ஒரு தடவை போகும்போது ஒருத்தன் டப்பாவிலிருந்து வண்ணக் கயிற்றை எடுக்க மறந்துவிட்டுப் போனான். அடுத்த வாரம் எடுத்துக் கொடுத்தேன். "இருக்கட்டும்க்கா" என்றான். அது இன்னும் அந்த டப்பாவில்தான் கிடக்கிறது.

சரி, இதைக் கல்லூரியில் நடத்துவது எப்படி என்பதற்கு வருகிறேன்.

இடம் உங்களிடமே இருக்கிறது. விடுதிச் சமையலறையில் மதியப் பந்தி முடிந்து கழுவி விட்டால், இரண்டரை மணியிலிருந்து நான்கு நான்கரை வரை அடுப்பு சும்மா இருக்கும். எனக்குத் தெரிந்த எல்லா விடுதியிலும் அப்படித்தான். சனிக்கிழமை அந்த இரண்டு மணி நேரம் போதும். பதினைந்து சனிக்கிழமை என்றால் முப்பது மணி நேரம். நீங்கள் ஏற்கெனவே நடத்துகிற முப்பது மணி நேர மதிப்புக்கூட்டுப் படிப்புகளில் இதையும் ஒன்றாகச் சேர்க்கலாம். ஒரு தொகுதிக்குப் பன்னிரண்டு பேர், மூன்று பேருக்கு ஒரு அடுப்பு. அதற்கு மேல் போனால் நாலு பேர் சமைப்பார்கள், மிச்சப் பேர் சுவரில் சாய்ந்து போன் பார்ப்பார்கள்.

சொல்லிக் கொடுக்க யார் வருவார்கள்? சத்துணவுக் கூடங்களில் முப்பது வருடம் சமைத்து ஓய்வு பெற்ற பெண்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். இருநூறு பிள்ளைக்கு ஒரே நேரத்தில் சோறும் சாம்பாரும் இறக்கிய கைகள் அவை. கல்யாண வீடுகளில் சமைக்கிற தவசுப்பிள்ளைகள் இருக்கிறார்கள். முகூர்த்தம் இல்லாத மார்கழியிலும் ஆடியிலும் அவர்களுக்கு வேலை குறைவு. இடி சாம்பாருக்கு எதை எந்த வரிசையில் வறுப்பது என்று அவர்களைவிட யார் சொல்ல முடியும்? அவர்களுக்கு வகுப்புக்கு இவ்வளவு என்று கௌரவமாகக் கொடுங்கள். உங்கள் வருகைதரு விரிவுரையாளருக்குப் போடுவது போல ஒரு நாற்காலியும் ஒரு டீயும் அவர்களுக்கும் கிடைக்கட்டும். சத்தைப் பற்றிச் சொல்ல மனையியல் துறை ஆசிரியர் வரட்டும். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச்சத்து உடம்பில் கூடுதலாகச் சேரும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும் என்பது போன்ற விஷயங்களை நான் சொல்வதைவிட அவர்கள் சொன்னால் பிள்ளைகள் காரணத்தோடு புரிந்துகொள்வார்கள்.

எழுத்துத் தேர்வு வேண்டாம். இருநூறு ரூபாயும் ஒன்றரை மணி நேரமும் கொடுங்கள், நான்கு பேருக்குச் சோறு, ஒரு குழம்பு, தொட்டுக்கொள்ள ஒரு வெஞ்சனம் செய்து பரிமாறி, மேடையைத் துடைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். சாப்பிடுகிற நான்கு பேரில் ஒருவர் துறைத்தலைவராக இருக்கட்டும். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாம் இருக்கிறதே, அங்கேயும் ஆள் வைத்துச் சமைக்காமல் கற்றுக்கொண்ட பிள்ளைகளை முறை வைத்துச் சமைக்கச் சொல்லலாம். கிராமத்துப் பெண்கள் சும்மா இருக்க மாட்டார்கள். வந்து நின்று அவர்களுக்குத் தெரிந்ததையும் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு கல்லூரியில் போய் இதைக் கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். கடைசியில், "இது வீட்டுல சொல்லிக் குடுக்க வேண்டியதும்மா, காலேஜ் வேலை இல்ல" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் யார் சொல்லிக் கொடுப்பது? பீடி சுற்றுகிற அம்மா, வயலுக்குப் போகிற அம்மா, ஜவுளிக்கடையில் ராத்திரி ஒன்பது மணி வரை நிற்கிற அம்மா. பிள்ளை இருப்பதோ உங்கள் விடுதியில். தீபாவளிக்கு நான்கு நாள் வருகிற பிள்ளைக்கு வாய்க்கு ருசியாகச் செய்து போடத்தான் எந்தத் தாய்க்கும் மனம் வரும், அடுப்படிக்குக் கூப்பிட மாட்டாள். நானும் இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள், எனக்கு அது தெரியும்.

பிள்ளைகள் சமைக்கப் பழகிவிட்டால் உங்கள் மெஸ்ஸுக்கு யார் வருவார்கள் என்றும் கேட்கிறார்கள். வருவார்கள். பரீட்சை நேரத்தில் வருவார்கள், அலுப்பாக இருந்தால் வருவார்கள், இரண்டு பேர் குறைந்தாலும் பரவாயில்லை. பத்தொன்பது வருடம் இந்தப் பிள்ளைகளின் காசில்தான் என் வீட்டு அடுப்பும் எரிந்திருக்கிறது. அவர்கள் இங்கிருந்து போன பிறகு எந்த ஊரிலும் பட்டினி கிடக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

முதல் வருடம் ஒரே ஒரு கல்லூரியில், பன்னிரண்டு பிள்ளைகளை வைத்துத் தொடங்கினாலும் போதும். முதல் தொகுதிக்குப் பதினைந்து சனிக்கிழமையும் நானே வந்து சொல்லிக் கொடுக்கிறேன். எனக்குச் சம்பளம் வேண்டாம். பெரிய பாத்திரங்களும் இரண்டு அடுப்பும் என்னிடம் இருக்கின்றன, வண்டியில் ஏற்றிக் கொண்டுவருகிறேன். வாரவாரம் என்ன சொல்லிக் கொடுப்பது என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எந்தத் தேதியில் எந்தப் பிள்ளை எதில் தடுமாறியது என்பது வரைக்கும் அதில் இருக்கிறது. கேட்டால் நகலெடுத்துத் தருகிறேன்.

முடிவெடுக்கும் முன் ஒரு தடவை வந்து பாருங்கள். ஞாயிறு பத்து மணிக்கு அடுப்புப் பற்றவைப்போம். அடுத்த ஞாயிறு கூட்டாஞ்சோறு, முருங்கைக்கீரை ஆய்கிற வேலை நிறைய இருக்கும். உங்களுக்கும் ஒரு முறம் எடுத்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையில் மெஸ் நடத்தும் ஒரு பெண்